சேபர் பழகிய கையோடு பழைய வாட்சுவடியைப் படித்தபோது

சென்னையில் கல்லூரியில் படித்த காலத்தில் நான் பழகியது இன்றைய விளையாட்டு வாள்வீச்சு, அதிலும் சேபர் என்னும், வெட்டும் குத்தும் செல்லுபடியாகும் ஒற்றைக் கை வாள் பிரிவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி ஆடிய பிறகு அந்தப் பிரிவு நம் ஊரில் பலருக்கும் அறிமுகமாகிவிட்டதால் நீண்ட விளக்கம் தேவையில்லை. வேலைக்காக ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் குடியேறியபோது, அங்கே சேபர் பயிற்சியும் இல்லை, ஐரோப்பாவின் பழைய வாட்கலையைக் கற்றுத்தரும் குழுவும் இல்லை. இருப்பதிலேயே அருகிலுள்ள குழுவுக்கு ரயிலில் போய்த் திரும்புவதற்குள் மாலைப்பொழுது முழுவதும் கரைந்துவிடும். ஆனால் அந்தக் கலையின் மூலச் சுவடிகளை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் படமெடுத்துப் பொதுவில் வைத்திருப்பதால், அவை கைபேசியிலேயே காசில்லாமல் கிடைத்தன. அடிப்படைப் பயிற்சி கையில் இருக்கிறது, சுவடி கண்முன் இருக்கிறது, இனி என்ன வேண்டும் என்று தொடங்கினேன். அதற்கு நான் கொடுத்த விலை ஏறத்தாழ 1,600 யூரோ, இரண்டு ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம், ஒரு விரல் எலும்பு முறிவு, இன்றும் குளிர்காலத்தில் முனகும் ஒரு முழங்கை. இதே நிலையில் இருக்கும் ஒருவர் இதில் பாதியையாவது மிச்சப்படுத்திக்கொள்ள முடியும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜெர்மனியில் இருப்பதால் ஜெர்மன் மரபையே முதலில் எடுத்தேன். யோஹான்னஸ் லீஷ்டெனாவர் என்னும் ஆசானின் பெயரால் வழங்கும் பாடல் வரிகளே அந்த மரபின் வேர். ஐந்து முதன்மை வெட்டுகளும், நான்கு நிலைகளும், வாளோடு வாள் ஒட்டிய கணத்தில் எதிராளியின் அழுத்தம் வலியதா மெலியதா என்று கையால் உணரும் நுட்பமும் அவற்றில் சொல்லப்படுகின்றன. அலுவலகத்துக்காகக் கற்ற ஜெர்மனும் ஓர் அகராதியும் துணையிருக்க, குளிர்காலம் முழுவதும் அந்த வரிகளோடு மல்லுக்கட்டினேன். வசந்தம் வந்தபோது பாடல் மனப்பாடமாகியிருந்தது. கை எதையும் கற்றிருக்கவில்லை. அதன்பிறகே 15ஆம் நூற்றாண்டு உரையாசிரியர்கள் எழுதிய முகவுரை கண்ணில் பட்டது. தகுதியற்றவர்கள் கையில் கலை சிக்கி மலிந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆசான் அதை மறைவான சொற்களில் யாத்தார் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உரையும் குருவும் இல்லாமல் சித்தர் பாடலைப் படித்து மருந்து காய்ச்ச முனைவதைப் போன்ற காரியத்தில் நான் இறங்கியிருந்தேன்.

ஆகவே இந்த மரபை எடுப்பவர்கள் சூத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உரையிலிருந்து தொடங்குவது நல்லது. ரிங்கெக் என்பவரின் பெயரில் வழங்கும் உரையும், 1452ஆம் ஆண்டைச் சேர்ந்த, இன்று ரோமில் இருக்கும் சுவடியில் உள்ள உரையும், எந்த வரி எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்பதை ஓரளவு விரித்துச் சொல்கின்றன. தனியாகப் படிப்பவருக்கு இவற்றைவிடவும் இணக்கமானது யோவாகிம் மேயர் 1570இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அச்சிட்ட நூல். நிலை, வெட்டு, காலடி என்று பாடத்திட்டம்போல் படிப்படியாக அவர் கட்டிக்கொண்டு போகிறார். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அவர் காலத்தில் ஜெர்மானியப் பயிற்சிக் கூடங்களில் நெடுவாளால், அதாவது இரு கையாலும் பிடிக்கும் நீண்ட வாளால், குத்தும் வழக்கம் கைவிடப்பட்டிருந்தது, ஆகவே அவரது நெடுவாள் பகுதி பெரிதும் வெட்டைச் சுற்றியே அமைந்திருக்கிறது. இன்று யாராவது என்னிடம் கேட்டால் மேயரையே முதலில் கைகாட்டுவேன். அப்போது அவரை நான் அறியாததால், படம் நிறைந்த இத்தாலியச் சுவடி ஒன்றின் பக்கம் திரும்பினேன். பிறகு அதிலேயே தங்கிவிட்டேன்.

அதன் ஆசிரியர் ஃபியோரே தெய் லிபெரி, வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியைச் சேர்ந்தவர். ஃபெராராவை ஆண்ட நிக்கொலோ தெஸ்தே என்னும் பிரபுவுக்காக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய நூல், மற்போரில் தொடங்கி, குத்துவாள், ஒற்றைக் கை வாள், இரு கை வாள், கவசப் போர், கோடரி, ஈட்டி, குதிரைமேல் போர் என்று விரிகிறது. அதன் நான்கு படிகள் நமக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகத்தின் படியில் ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஓரளவு நீண்ட உரைநடை விளக்கம் இருக்கிறது. 1409 என்று தேதியிட்ட பிசானி தோஸ்ஸி படியில் படங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு இரண்டு வரிச் செய்யுள்களே உண்டு. அதை 1902இல் நொவாத்தி என்ற அறிஞர் படப்பதிப்பாக வெளியிட்டார். நியூயார்க் மார்கன் நூலகத்தின் படி அளவில் சிறியது. பாரிஸ் தேசிய நூலகத்தில் இருப்பது இலத்தீன் செய்யுளும் வண்ணப் படமும் கொண்டது. இந்த நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகு தாமதமாகவே தெரிந்தது. ஒரே ஆட்டத்தின், அதாவது ஒரே வாள் நகர்வின், கால் வைப்பும் வாளின் கோணமும் படிக்குப் படி சில இடங்களில் மாறுகின்றன. ஒரு படியின் ஓவியர் வரைந்த பாதத்தை வேதவாக்காகக் கொண்டு முழங்காலைத் திருகிக்கொள்வதற்கு முன், மற்ற மூன்றையும் திறந்து பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

ஃபியோரே தமது முன்னுரையில் சொல்லும் இரண்டு செய்திகள் என் கதைக்கு நெருக்கமானவை. முதலாவது, நூல்கள் இல்லாமல் இந்தக் கலையில் நல்ல மாணவனாகவோ ஆசானாகவோ எவராலும் இருக்க முடியாது என்பது. கலை அவ்வளவு பெரியது, அதில் கால் பங்கைக்கூட நூலின்றி நினைவில் வைத்திருக்கும் மனிதன் உலகில் இல்லை என்கிறார். நூலை நம்பி இறங்கும் ஒருவருக்கு இதைவிட இனிப்பான வாக்கியம் கிடைக்காது. ஆனால் அவர் நினைவைப் பற்றிப் பேசுகிறார். ஆசானிடம் கைபிடித்துக் கற்றவன் மறக்காமலிருக்க எழுதப்பட்ட நூல் அது; கல்லாதவனுக்குக் கற்பிக்கும் பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. இரண்டாவது செய்தி, தம் கலையை வெளிப்படுத்த மறுத்ததற்காக மற்ற வாளாசான்களோடு ஐந்து முறை, கூர்வாளேந்தி, மெத்தையிட்ட உட்சட்டையும் மென்தோல் கையுறையும் மட்டும் அணிந்து போரிட நேர்ந்தது என்பது. கவசத்தில் பல அடி வாங்கலாம், ஆனால் அந்தப் போரில் ஒரு தடுப்புத் தவறினாலே சாவு என்று அவர் எழுதும்போது, விளையாட்டு வாள்வீச்சில் வளர்ந்த எனக்கு அது ஒரு வீரக் கதையாக மட்டுமே பட்டது. அவர் சொல்லும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதுதான் அடிப்படை என்பது பின்னாளில் வாங்கிய அடிகளில் விளங்கியது.

முன்னுரையை நிதானமாகப் படிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படங்களை எப்படிப் படிப்பது என்ற சாவியை ஃபியோரே அங்கேதான் வைத்திருக்கிறார். தலையில் பொன்முடி அணிந்தவர் ஆசான், அதாவது எதிராளியின் தாக்குதலுக்கு முதல் மாற்றைக் காட்டுபவர். முழங்காலுக்குக் கீழே பட்டை கட்டியவர் அந்த ஆசானின் மாணவர். ஆசான் தொடங்கிய மாற்றிலிருந்து கிளைக்கும் ஆட்டங்களை அவர் காட்டுகிறார். முடியும் பட்டையும் சேர்ந்து அணிந்தவர் அந்த ஆட்டங்களை முறியடிப்பவர். இதை உள்வாங்காமல் பக்கங்களைப் புரட்டினால் ஒவ்வொரு படமும் தனித்தனி வித்தையாகத் தெரியும். நானும் படத்துக்கு ஒரு வித்தையாகப் பழகி, ஒன்றும் நடைமுறையில் வராமல் பல மாதங்களைக் கழித்தேன். உண்மையில் ஒரு மாணவரின் படம் ஒரு வாக்கியத்தின் பின்பாதி. முன்பாதி, சில சமயம் இரண்டு மூன்று பக்கங்களுக்கு முன்னால் நிற்கும் முடி சூடிய ஆசானிடம் இருக்கிறது. ஒவ்வொரு படத்திலிருந்தும் பின்னோக்கிப் போய் அதன் ஆசான் யாரென்று கண்டுபிடித்து ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான், சிதறிக் கிடந்த படங்கள் சில மரங்களாகவும் அவற்றின் கிளைகளாகவும் தெரியத் தொடங்கின.

வாள் வாங்கிய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்கியது 95 யூரோவுக்குக் கிடைத்த பளபளப்பான துருப்பிடிக்காத எஃகு வாள். விற்பனைக் குறிப்பில் ‘பயிற்சிக்கு உகந்தது’ என்றிருந்தது. சில வாரங்களில், வண்டிக் கொட்டகையில் காற்றை வெட்டிக்கொண்டிருந்தபோது, அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தில் முறிந்து பறந்து அலமாரியில் செருகி நின்றது. அன்று நான் தனியாக இருந்தது நல்லதாயிற்று. பிரித்துப் பார்த்தபோது, கைப்பிடிக்குள் அலகு தொடரவில்லை. ஒரு மெல்லிய திருகாணிக் கம்பியை அலகின் அடியில் பற்றவைத்திருந்தார்கள். அந்த வகை எஃகு நீளமான அலகுக்கு ஏற்றதன்று. அது வளையாமல் ஒடியும். வாங்குமுன் கேட்க வேண்டியவை: வெப்பப் பதம் செய்த சுருள்வில் எஃகா, அலகு ஒரே துண்டாகக் கைப்பிடியின் கடைசியிலுள்ள குமிழ்வரை போகிறதா, மொத்த எடை எவ்வளவு, கைப்பிடிக்கு மேலே கையைக் காக்கும் குறுக்குத் தண்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் சமநிலை கிடைக்கிறது. இவற்றுக்கு விடை சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். இரண்டாவதாக வாங்கியது ஃபெடர் எனப்படும் பயிற்சி வாள், 380 யூரோ. விளிம்பு மழுங்கி, நுனி மடிக்கப்பட்டு, குத்தும்போது வளைந்துகொடுக்கும் அலகு அதற்கு. அந்த வளைவு இல்லாத வாள், எவ்வளவு மழுங்கியதாக இருந்தாலும், நண்பரின் விலா எலும்பை உடைக்கக்கூடியது.

விதிப்படி சேபரின் எடை 500 கிராமைத் தாண்டக் கூடாது. என் ஃபெடரின் எடை ஒன்றரைக் கிலோ. சேபரில் வெட்டு விரல்களிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் பிறக்கிறது, தோள் தளர்ந்திருக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் பழக்கப்பட்டிருந்தேன். அதே விரல் வித்தையை மூன்று மடங்கு எடைக்குச் செய்தால் என்ன நடக்குமோ அது நடந்தது: வலது முழங்கையின் வெளிப்புறத் தசைநார் வீங்கி, காபிக் கோப்பையைத் தூக்கினாலே வலித்தது. மருத்துவர் அதை டென்னிஸ் எல்போ என்றார். வாள் என்று சொன்னபோது அவர் முகத்தில் தோன்றியதை இங்கே எழுத வேண்டியதில்லை. காப்பீடு போக உடற்பயிற்சி மருத்துவத்துக்கு என் கையிலிருந்து 120 யூரோ, அதோடு வாளைத் தொடாத ஒரு கோடைகாலம். இரு கை வாளில் குமிழுக்கு அருகில் பிடிக்கும் இடக்கை நெம்புகோலாக வேலை செய்ய வேண்டும், வெட்டின் விசை இடுப்பும் காலும் திரும்புவதிலிருந்து வர வேண்டும். எடை கூடிய ஆயுதத்துக்கு மாறுபவர்கள் முதல் சில வாரங்கள் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வீச வேண்டாம் என்பதே என் அறிவுரை. முன்பயிற்சி உள்ளவருக்கு இது கடினம். மூச்சு வாங்காது, மனம் சலிக்காது, தசைநார் மட்டும் சத்தமில்லாமல் கிழிந்துகொண்டிருக்கும்.

கால்கள் கொடுத்த தொல்லை இதைவிட ஆழமானது. சேபரில் முன்னேறும்போது பின்கால் முன்காலைக் கடந்துவிட்டால் நடுவர் தண்டனை கொடுப்பார். அந்த விதி என் உடம்பில் எலும்புவரை இறங்கியிருந்தது. ஃபியோரேயின் ஆட்டமோ கால் கடந்து போவதன் மேல்தான் நிற்கிறது. முன்னே கடத்தல், பின்னே மீளல், அடியை நீட்டுதல், அடியைச் சுருக்குதல் என்ற நான்கையும், நின்ற இடத்தில் திரும்புதல், அரைத் திருப்பம், முழுத் திருப்பம் என்ற மூன்றையும் அவர் இரு கை வாள் பகுதியின் தொடக்கத்திலேயே வைக்கிறார். தனியாகப் பழகும்போது எனக்கு இவை வந்தன. எதிரே ஒருவர் நின்றவுடன் கால்கள் தாமாகச் சேபர் கால்களாகி, முன்னும் பின்னும் நேர்கோட்டில் குதித்தன. இடக்கையும் இப்படித்தான். விளையாட்டு வாள்வீச்சில் ஆயுதமில்லாத கையால் எதிராளியின் அலகைத் தொடுவது குற்றம். ஃபியோரேயில் வாள்கள் நடுப்பகுதியில் சந்தித்தவுடன் மாணவர் இடக்கையை நீட்டி எதிராளியின் அலகைப் பற்றிக்கொண்டு வெட்டுகிறார். அந்தக் கை நீள வேண்டிய கணத்தில் என் கை கைப்பிடியை விட்டு அசையவே மறுத்தது. சிறுவயதில் சிலம்பம் சுற்றிய ஒருவர் என்னைவிட எளிதாக இதைப் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்; இரு கைப் பிடியும் காலடி மாற்றமும் அவருக்கு அந்நியமாக இருக்காது.

இந்தக் கட்டத்தில் அலுவலக நண்பர் ஒருவர், நெடுங்காலம் ஜூடோ பழகியவர், வார இறுதிகளில் எனக்கு எதிரே நிற்க ஒப்புக்கொண்டார். அவருக்கு வாள் தெரியாது என்பது குறை என்று முதலில் எண்ணினேன். அதுவே எனக்குக் கிடைத்த பெரிய வசதி. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இரு கை வாளின் முதல் ஆசான், வாள்களின் நுனிப் பகுதிகள் சந்தித்த நிலையில், வாளைத் திருப்பி மறுபக்கத்தில் தலைமேலும் கைகள்மேலும் வெட்டுவேன், அல்லது முகத்தில் குத்துவேன் என்கிறார். சேபர்காரனின் கண்ணுக்கு இது தடுத்துத் திருப்பி அடிப்பதுதான். ஆகவே நான் தடுத்து, அலகைத் துள்ளவிட்டு, உடனே மறுபக்கம் வெட்டினேன். ஆடிக்கு எதிரே அது அழகாக இருந்தது. நண்பரிடம் செய்தபோது, என் அலகு துள்ளி விலகிய நொடியில் அவருடைய வாள் நேராக என் முகக்கவசத்தில் வந்து இறங்கியது. என் வெட்டும் அவர்மேல் விழுந்தது என்பதில் எனக்கு ஒரு திருப்தி. சேபரில் அடி பட்டதைக் காட்டும் விளக்கு இருவருக்கும் எரிந்தால் யாருக்குத் தாக்கும் உரிமை என்று நடுவர் பார்ப்பார், அந்தப் புள்ளி எனக்கு வந்திருக்கும். மென்தோல் கையுறையோடு கூர்வாளேந்தி நின்ற ஃபியோரேக்கு அந்தப் புள்ளியால் ஒரு பயனும் இல்லை. அந்த வரியில் வெட்டும் குத்தும் ஏன் ‘அல்லது’ என்று இணைக்கப்பட்டிருக்கின்றன என்று அப்போதுதான் யோசித்தேன். நண்பர் அழுத்தித் தள்ளும்போது அவர் வாள் விலகும், மறுபக்கம் திறக்கும். அவர் அழுத்தாதபோது நடுக்கோடு திறந்திருக்கும், குத்தலாம். வாள்கள் ஒட்டிய அந்தச் சிறுபொழுதில் கை எதை உணர்கிறதோ அதுவே தீர்ப்பு. ஒரு குளிர்காலத்தை விழுங்கிய ஜெர்மன் பாடலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சுவடியில் சொல்லாமல் விட்ட இடங்கள் எல்லாவற்றையும் பழைய பயிற்சி தானாக வந்து நிரப்பிவிடும், நிரப்பியது உங்களுக்கே தெரியாது. முற்றிலும் புதியவருக்கு இந்த ஆபத்து குறைவு, அவருக்குப் புரியாத இடம் புரியாததாகவே நிற்கும். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். ஓர் ஆட்டத்தை எடுத்தவுடன், வாளைத் தொடுவதற்கு முன், தாளில் எழுதுவேன்: யார் முதலில் அசைகிறார், எந்தக் கால் முன்னே, வாள்கள் எந்த இடத்தில் சந்திக்கின்றன, முடிவில் யார் எங்கே நிற்கிறார். நூல் சொல்வதைக் கறுப்பு மையிலும், நானாகச் சேர்ப்பதைச் சிவப்பிலும் எழுதுவேன். சிவப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதே நூலின் வேறு பக்கத்தில் ஆதாரம் தேடுவேன். சீமாட்டி நிலை, இரும்புக் கதவு, சாளரம், காட்டுப்பன்றியின் பல் என்று ஃபியோரே காட்டும் நிலைகளே பெரும்பாலும் போதுமானவையாக இருக்கும். ஆட்டம் அவற்றில் ஒன்றில் தொடங்கி இன்னொன்றின் வழியே போகிறது. ஆதாரம் கிடைக்காத சிவப்பு அப்படியே நிற்கட்டும். பிறகு நண்பரோடு மிக மெதுவாக, அடுத்து அவர் வேண்டுமென்றே ஒத்துழைக்காமல்: ஒருமுறை இறுக்கி அழுத்துவார், ஒருமுறை தளர்வார், ஒருமுறை வாளை இழுத்துக்கொண்டு பின்வாங்குவார். மூன்றில் ஒன்றிலாவது ஆட்டம் இயல்பாகப் பிறந்தால், அது எந்தச் சூழலுக்கான ஆட்டம் என்பது தெரிந்துவிடும். ஒன்றிலும் பிறக்காவிட்டால் சிவப்பு வரிகளில் ஏதோ பொய்.

விரல் முறிந்தது இந்தப் பயிற்சிகள் சூடுபிடித்த நேரத்தில். சென்னையிலிருந்து அனுப்பச் சொல்லி வாங்கிய கிரிக்கெட் மட்டையாளர் கையுறைகளைத்தான் அதுவரை அணிந்திருந்தேன். பந்தைத் தாங்குவது வாளையும் தாங்கும் என்பது நம்மூர் நியாயம். பந்து விரலின் முதுகில் படுகிறது. வாளோ அலகின் வழியே சறுக்கி வந்து, குறுக்குத் தண்டுக்கும் தனக்கும் இடையில் விரல் நுனியை வைத்து நசுக்குகிறது. வலது சுட்டுவிரலின் கடைசி எலும்பு இரண்டாயிற்று. ஒன்றரை மாதம் ஒன்பது விரலால் தட்டச்சு. அதன்பிறகு 290 யூரோ கொடுத்து, விரல் நுனிகளையும் கட்டைவிரலின் பக்கவாட்டையும் கெட்டியான ஓட்டால் மூடும் கையுறை வாங்கினேன். பழைய சேபர் முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை: அது பின்மண்டையைக் காப்பதில்லை. இரு கை வாளில் எதிராளி திரும்பும் பாதையில் இருக்கும்போது வெட்டு அங்கே விழுவது சாதாரணம், ஆகவே மேலே பின்புறக் காப்புறை ஒன்று கட்டாயம். தொண்டைக்குக் கெட்டியான பட்டை, முழங்கைக்கும் முன்கைக்கும் ஓடு, மெத்தையிட்ட மேற்சட்டை. பணம் குறைவு என்றால் கையுறை கிடைக்கும்வரை நைலான் வாளோடு மெதுவாக மட்டும் ஆடுங்கள். வேகத்தைக் குறைப்பதற்குக் காசு வேண்டாம்.

இரண்டாம் ஆண்டின் இறுதியில் தொலைவான நகரமொன்றில் நடந்த வார இறுதிப் பயிலரங்குக்குப் போனேன். கட்டணமும் ரயிலும் தங்குமிடமுமாக 190 யூரோ. இத்தனை காலத்தில் மிகப் பயனுள்ள செலவு அதுதான், அதை முதல் மாதத்திலேயே செய்திருக்கலாம் என்ற எரிச்சலும் கூடவே இருக்கிறது. நெடுவாளைத் தோளில் போட்டுக்கொண்டு போன எங்களுக்கு, பயிற்றுநராக வந்த பெண்மணி முதல் நாள் முழுவதும் மரக் குத்துவாள்களை மட்டுமே கொடுத்தார். ஃபியோரேயின் குத்துவாள் பகுதி நூலில் பெரிய இடத்தைப் பிடிக்கிறது; ஆயுதத்தைப் பறித்தல், கையை முறித்தல், பூட்டுதல், தரையில் வீழ்த்துதல் ஆகியவற்றை அதன் தொடக்கத்திலேயே நான்கு உருவங்களாக நிறுத்தி வைத்திருக்கிறார். நான் அதை அவசரமாகப் புரட்டித் தாண்டியவன். மாலைக்குள், இரு கை வாளின் நெருக்க ஆட்டங்களில் விளங்காமல் கிடந்த கைப்பூட்டுகள் பலவும் குத்துவாளில் செய்த அதே பூட்டுகள்தாம் என்பது தெரிந்தது. என் ஜூடோ நண்பர் இதை ஊகித்தே இருந்தார். அவர் கழுத்தைப் பிடிக்க வரும்போதெல்லாம் ‘இது வாட்பயிற்சி’ என்று நான்தான் தடுத்துக்கொண்டிருந்தேன்.

துணை நூல்களுக்கு 180 யூரோ செலவழித்தேன். அதில் பாதி அவசியமில்லை. இக்காலப் பயிற்றுநர்கள் எழுதும் விளக்க நூல்கள் உதவும், ஆனால் அவை ஒருவரின் வாசிப்பு மட்டுமே. ஒரே ஆசிரியர் சில ஆண்டுகள் கழித்துத் தம் கருத்தை மாற்றிக்கொள்வது இத்துறையில் வழக்கம் என்பதால் வெளியான ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் 19ஆம் நூற்றாண்டு நூல்களில் கவனம் தேவை. 1885இல் எகர்ட்டன் காசில் எழுதிய வாட்கலை வரலாறு மிகுந்த புலமை கொண்டது; ஆனால் இடைக்கால வாட்போர் முரட்டு வலிமை மட்டுமே என்றும், கலை பிற்காலத்தில்தான் வளர்ந்து முதிர்ந்தது என்றும் அவர் தலைமுறை நம்பியது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபியோரேயைத் திறந்தால், அங்கே இருக்கும் நுட்பம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

பூங்காவில் பழக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மன் ஆயுதச் சட்டம் வெட்டும் குத்தும் ஆயுதங்களைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வதைத் தடுக்கிறது; பூட்டிய உறையில் எடுத்துப் போவதற்கு விலக்கு உண்டு. மழுங்கிய வாளானாலும் பூட்டிய பையில் கொண்டுபோய், வேலியிட்ட இடத்திலோ வாடகை உடற்பயிற்சிக் கூடத்திலோ பழகுவதே நிம்மதி. தூரத்திலிருந்து பார்க்கும் பாட்டிக்கு உங்கள் வாள் மழுங்கியதா கூரானதா என்று தெரியாது, காவல் துறைக்கு அவர் சொல்லும் விவரணையிலும் அது இருக்காது.

செலவின் வரிசையை இப்போது மாற்றியமைக்கச் சொன்னால், முதலில் பயிலரங்கு, இரண்டாவது முகக்கவசமும் கையுறையும், மூன்றாவது இரண்டு நைலான் வாள்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் எஃகு என்று வைப்பேன். சுவடி எப்படியும் இலவசம். நானும் நண்பரும் இப்போது ஒற்றைக் கை வாள் பகுதியில் இருக்கிறோம். அதில் ஓர் ஆசான் வாளைத் தாழ்த்தி நிற்க, மூன்று பேர் எதிரே வருகிறார்கள். ஒருவன் குத்துவேன் என்கிறான், ஒருவன் வெட்டுவேன் என்கிறான், மூன்றாமவன் வாளையே எறிவேன் என்கிறான். மூவரையும் ஒரே வகையான வீச்சால் அடித்து விலக்கலாம் என்று ஆசான் உறுதியளிக்கிறார். குத்தும் வெட்டும் எங்களுக்கு ஓரளவு கைவந்துவிட்டன. எறியப்படும் வாளுக்காக, நுரை சுற்றிய கழிகள் சிலவற்றை நண்பர் செய்து வைத்திருக்கிறார்; என் தாளில் அந்த வீச்சுக்கான காலடி எங்கே வர வேண்டும் என்பது இன்னும் சிவப்பிலேயே இருப்பதால், இப்போதைக்கு அவற்றில் பாதி என் தோளில்தான் படுகின்றன.